செக்ரோலுக்குள் ஒரு ராஜா

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தே தாரேக்கை, அதாவது ஆற்றிய பால் தேநீரை, வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும், ‘செக்’ என்ற சொல் பல தடவை காதில் விழும். எண்ணெய்ப் பனையான செம்பனையின் குலை ஏற்றும் லாரிக்காரர் உதவிக்கு வந்த பையனை டயரைச் செக் பண்ணச் சொல்கிறார். பக்கத்து மேசை அக்கா, கிளினிக்கில் இனிப்புநீர் செக் பண்ணிய கதையைச் சொல்லி முடித்து, “இப்ப கன்ட்ரோல்ல இருக்கு” என்கிறார். கான்ட்ராக்டர் கொடுத்த செக் பேங்கிலிருந்து திரும்பிவிட்டதென்று ஒருவர் கைப்பேசியில் கத்துகிறார். மூலை மேசையில் இரண்டு பெரியவர்கள் டாம் ஆடுகிறார்கள். பலகையில் கோடு கிழித்த கட்டங்கள், காய்களுக்குப் பதிலாகப் போத்தல் மூடிகள். ஒருவர் கட்டியிருப்பதும் கட்டம் போட்ட கைலிதான். கடைக்காரத் தம்பி அவரிடம் பேச்சுக் கொடுக்கிறான்.

“மாமா, நீங்க அப்ப செக்ரோல் ஆளா, கான்ட்ராக்ட் ஆளா?”

“செக்ரோல்தான் தம்பி. முப்பத்தஞ்சு வருசம்.”

டயர், ரத்தம், பேங்க், பலகை, கைலி, தோட்டத்து ஆட்களின் வருகையும் கூலியும் எழுதும் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடு. இந்த ஆறும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. அந்த ஆட்டத்தை அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்பார்கள், அந்தத் துணியை எல்லா ஆங்கிலேயரும் ‘செக்’ என்பார்கள்.

எங்கள் ஊருக்கு 2007 முதல் அரசாங்கப் பெயர் பெஸ்தாரி ஜெயா. பலகையில் அப்படி, வாயில் இன்னும் பத்தாங்தான். சுற்றிலும் தோட்டங்கள். அவற்றில் ஒன்றான தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் ஆரம்பமானது. செம்பனைக் காட்டுக்குத் தென்னமரம் என்று பேர் வாய்த்த இடம். ஆகவே ஒரு சொல் ஒரு பொருளில் பிறந்து வேறொரு பொருளில் குடியிருப்பது எங்களுக்கு ஒன்றும் புதிதல்ல.

நான் மாலையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறவன். போன வருசம் படிவம் மூன்று மாணவன் ஒருவன் ஒத்த சொற்கள் பயிற்சியோடு வந்தான். ‘செக்’ என்பதற்கு அகராதியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். “சார், நிறுத்துன்னும் போட்டிருக்கு, சோதிச்சுப் பாருன்னும் போட்டிருக்கு. எது சார் சரி?” ரெண்டும் சரிதான், எழுதிக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சோம்பேறித்தனமான பதில். அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

இந்தச் சொல் புறப்பட்ட இடம் ஒரு சதுரங்கப் பலகை. ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் ஆடிய ஆட்டத்துக்குச் சதுரங்கம் என்று பேர். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கமும் உள்ள படை. அது பாரசீகம் போய் ‘சத்ரங்’ ஆயிற்று, பாரசீகத்தை அரபுகள் பிடித்த பிறகு ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று, அவர்கள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. மலாய்க்காரர்கள் இன்றைக்கும் ‘சாத்தூர்’ என்று நம் பக்கத்துப் பேரையே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பல மொழிகள் ஆட்டத்தின் பேரை விட்டுவிட்டு ஆட்டத்தில் எழும் கூச்சலைப் பிடித்துக்கொண்டன. எதிராளியின் ராஜாவைக் காய் குறிவைக்கும்போது பாரசீகர்கள் மரியாதையாக எச்சரிப்பார்கள்: ‘ஷா!’ ராஜா என்று பொருள். ‘ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்று கொள்ளலாம்.

அந்த ‘ஷா’ லத்தீன் வாயில் மாட்டி, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘செக்’ என்று ஏறியது. அதன் பன்மை வடிவம் தேய்ந்ததுதான் ‘செஸ்’. அதாவது செஸ் என்றால் ‘ராஜாக்கள்’. பாரசீகத்தின் ஷா பிறந்த வேர் ஆளுதல் என்ற பொருள் கொண்டது; நம்மூரில் சத்திரியன் என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் பங்காளி உறவு. ‘செக்மேட்’ என்பதில் உள்ள ‘மாத்’துக்கு ‘ராஜா செத்தான்’ என்று விளக்கம் சொல்வது பரவலான வழக்கம். அரபுக் காதுக்கு அப்படித்தான் கேட்கும். பாரசீகத்தில் அதற்கு ‘வழியற்றுத் திகைத்து நின்றான்’ என்பதுதான் பொருத்தமான பொருள். ஆட்டத்தின் விதியும் அதைத்தானே சொல்கிறது, ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. எங்கள் பிள்ளைகள் மலாய் ‘மாத்தி’யை நினைத்துக்கொண்டு, “ஆமா சார், மாத்தின்னா செத்துப் போறது” என்பார்கள். அது தற்செயல். மலாய் மாத்தியின் சொந்தக்காரர்கள் பிலிப்பைன்ஸிலும் பசிபிக் தீவுகளிலும் இருக்கிறார்கள், ஈரானில் இல்லை. போகிற போக்கில் இன்னொன்று: வ.உ.சி. இழுத்த செக்குக்கும் இந்தச் செக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் போனால் ஷா ஆலாம். சிலாங்கூர் அரச மரபில் வரும் பேர். அதில் உள்ள ‘ஷா’ அதே பாரசீக ராஜா. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகு, 1978இல் மாநிலத் தலைநகரமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அதற்கு முன்னால் சுங்கை ரெங்கம் என்று பேர். ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டக்காடு. அங்கே பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் வரிசையில், நின்று பேர் கொடுத்தவர்கள் இருந்த இடத்தில் இப்போது நீல மசூதி இருக்கிறது. அவர்களுடைய பேர்கள் ஏறியிருந்த செக்ரோலின் முதல் பாதியும், நகரத்தின் பேரில் உள்ள முதல் பாதியும் ஒரே சொல். முதன்முதலில் இதைக் கவனித்தபோது, வழிகாட்டிப் பலகையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே காரோட்டினேன்.

சரி, ‘ராஜா’ என்ற கூச்சல் எப்படி ‘நிறுத்து’ ஆனது? ராஜாவுக்குச் செக் விழுந்தால் ஆட்டக்காரன் தன் மனதில் வைத்திருந்த திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்தியாக வேண்டும். முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அந்தத் தடைதான் பலகையை விட்டுக் கீழே இறங்கியது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ‘செக்’ என்றால் திடீர்த் தடை, தோல்வி, அடக்கி வைத்தல். தமிழ்ப் பத்திரிகைகள் இந்தப் பழைய பொருளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கின்றன. ‘அமைச்சருக்குச் செக் வைத்த தலைவர்’ என்ற தலைப்பில் யாரும் யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை. நகர விடாமல் நிறுத்துகிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பொருள் வேறு விதமாகத் தெரியும். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் இருக்க, பல தோட்டங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. விடிவதற்கு முன் தோட்டத்துக் கேட்டில் வரிசை நின்று, உடம்பையும் வாளியையும் தடவிப் பார்க்க விட்ட பிறகுதான் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போக முடியும். என் பாட்டி அதைச் சொல்லும்போது ‘சோதனை’ என்று சொல்லவே மாட்டார். “செக்கிங்ல நிப்பாட்டிட்டான்” என்பார். மாணவன் கேட்ட இரண்டு பொருளும் அந்த ஒரு வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: நிறுத்தினால்தான் பார்க்க முடியும்.

இனி பலகைக்கு வருவோம். கதையின் அடுத்த பாதி கூச்சலில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரவு செலவைப் பார்க்கும் அலுவலகத்தில் ஒரு பெரிய மேசை இருந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பொருளாளராக இருந்தவரே அதை விவரித்து எழுதி வைத்திருக்கிறார்: பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருண்டு விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு, மேலே கோடு கோடாகக் கட்டம் போட்ட கறுப்புத் துணி. பென்ஸ், ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரிக்கும் தன் கணக்கு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரியும். ஒரு பக்கம் பொருளாளர், எதிர்ப்பக்கம் மாவட்டத்தில் வரி வசூலித்து வந்த ஷெரிஃப். சதுரங்கத்தில் இரண்டு படை மோதுவதுபோல இங்கே இவர்கள் இருவரும் மோதுகிறார்கள் என்று அவர் எழுதுகிறார். சதுரங்கப் பலகைக்கு அன்றைய பிரெஞ்சில் ‘எஷெக்கியே’. மேசையின் பேர் அலுவலகத்துக்கு ஏறி ‘எக்ஸ்செக்கர்’ ஆனது. பிரிட்டனின் நிதி அமைச்சர் இன்றைக்கும் அந்தச் சதுரங்கத் துணியின் பேரால்தான் அழைக்கப்படுகிறார்.

அந்த அலுவலகத்தில் ரசீது தாள் இல்லை, குச்சி. பணம் கட்டினால் குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுப்போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி. பின்னாளில் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டு பொருந்தினால் கணக்கு சரி. இந்தக் குச்சி முறை பல நூற்றாண்டு நடந்தது. ஒழித்த பிறகு குவிந்து கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டிடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். தீ புகைபோக்கி வழியே பரவி நாடாளுமன்றமே எரிந்துபோனது.

பேங்க் செக் இந்தப் பிளந்த குச்சியின் பேரப்பிள்ளை. 18ஆம் நூற்றாண்டில் முதலில் ‘செக்’ என்று சொன்னது பணம் எடுக்கும் தாளையல்ல, கொடுத்தவரிடமே தங்கிவிடும் அடிக்கட்டையை. மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு என்பதால் அந்தப் பேர். பிறகு கிழித்துக் கொடுக்கும் பக்கமும் அதே பேரை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் எழுத்துக் கூட்டலில் கடைசியில் ஒரு ‘க்யூ’ வந்து உட்கார்ந்ததற்கு எக்ஸ்செக்கரின் நிழல்தான் காரணம். அமெரிக்கர்கள் அந்த அலங்காரம் இல்லாமல் எழுதுகிறார்கள். தமிழில் காசோலை. காசும் ஓலையும் சேர்ந்த சொல். ரொம்ப அழகாகச் செய்த சொல், ஆனால் எங்கள் கடைத்தெருவில் அதை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. திரும்பி வந்த செக்குக்கு மலாய்க்காரர்கள் வைத்த பேரோ ‘செக் தெண்டாங்’, உதைபட்ட செக். கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தவர் கடைசியில் அதைத்தான் சொன்னார். 2015இல் செக் ஒன்றுக்கு 50 சென் கட்டணம் வேறு கொண்டுவந்தார்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. கீழைநாட்டுச் சில்லறை நாணயங்களுக்கு ஐரோப்பியர்கள் வைத்த ‘கேஷ்’ நம் காசு, போர்த்துகீசியர் வழியே போனது. கையில் உள்ள ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பிரெஞ்சுப் பணப்பெட்டியிலிருந்து வந்த வேறு ஆள். பேர் ஒன்று, வீடு இரண்டு.

கட்டத்தின் கதை துணிக்கும் போனது. சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால் கட்டம் போட்ட துணி ‘செக்’. இதில் எங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மலாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பேர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில் ‘புலிகாட்’. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளை இந்தத் தீவுகளுக்கெல்லாம் ஏற்றினார்கள். ரப்பருக்கு ஆள் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்னாலேயே, தமிழ் ஊர் ஒன்றின் பேர் மலாய்க்காரர்களின் இடுப்பில் இருந்திருக்கிறது. பள்ளிவாசல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இப்போது மாணவனின் இரண்டாவது பொருளுக்கு வருகிறேன்: சரிபார்த்தல். இது தாமதமாக வந்தது. ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஒன்றைத் தடுத்து நிறுத்துவதற்கும், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் நடுவே பாலமாக இருந்தது கணக்குப் புத்தகம். தப்பு அதற்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டுமானால் இரண்டாவது புத்தகம் ஒன்று வேண்டும். இதற்கு இன்னொரு சாட்சி ‘கன்ட்ரோல்’ என்ற சொல். இடைக்கால லத்தீனில் ‘கோந்த்ரா ரோத்துலுஸ்’ என்றால் எதிர்ச்சுருள், அதாவது மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வைத்திருக்கும் இரண்டாம் பதிவேடு. அதைக் கையில் வைத்திருந்தவன்தான் கன்ட்ரோலர். இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பதைக் ‘கோந்த்ரோல்’ என்கிறார்கள். ஆக, பக்கத்து மேசை அக்கா “செக் பண்ணேன், கன்ட்ரோல்ல இருக்கு” என்றபோது ஒரே வேலையை இரண்டு பேரில் சொன்னார். அதைவிட முக்கியம், கன்ட்ரோல் என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது செக்ரோல்.

அந்த ‘ரோல்’ லத்தீனில் சின்னச் சக்கரம். தோலைச் சுருட்டி வைத்த ஏடு சக்கரம் மாதிரி இருந்ததால் வந்த பேர். லத்தீன் சக்கரமான ‘ரோத்தா’வும் வடமொழி ரதமும் ஒரு தாய் மக்கள். இன்று கோட்டை என்று ஆடும் மூலைக்காய் பழைய சதுரங்கத்தில் தேர்தான். ஒரு ராஜா, ஒரு தேர்: தோட்டத்துப் பேர்ப்பதிவேட்டின் பேரில் இரண்டுமே இருக்கின்றன.

என் பெரியப்பா கிராணியாக, அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவர். தோட்டம் கைமாறியபோது தூக்கிப் போட்ட பழைய செக்ரோல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அகலமான புத்தகம், விரித்தால் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைக்கும். இடது ஓரத்தில் எண்ணும் பேரும். பிறகு 1 முதல் 31 வரை ஒல்லியான பத்திகள். வலது ஓரத்தில் மொத்த நாள், சம்பளம், பிடித்தம். பிடித்தப் பத்திதான் அதிகம் அழுக்கேறிக் கிடந்தது, அங்கேதான் எல்லோருடைய விரலும் போயிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் குறி அல்லது வெறுமை. தூரத்தில் வைத்துப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரங்கப் பலகை. கிட்டப் போனால் அது தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தின் ஒரு மாத வாழ்க்கை. ஒரு பேருக்கு நடுவில் தொடர்ந்து பல கட்டம் காலி. பிரசவம் என்று பெரியப்பா சொன்னார். இன்னொரு பேரின் மேல் சிவப்பு மையில் நேர்க்கோடு. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, காட்டில் மண்டோர் என்ற மேஸ்திரி தன் சட்டைப்பை நோட்டில் குறிப்பார். ஆபீசில் கிராணி அதைப் பார்த்துப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவார். ரப்பர்ப் பால் ஸ்டோரில் எடைபோட்ட கணக்கு வேறு தனியாக இருக்கும். மூன்றும் பொருந்த வேண்டும். இங்கிலாந்து அரசனின் பிளந்த குச்சி செய்த அதே வேலைதான். பொருந்தாதபோது எந்தக் கணக்கு ஜெயிக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் விடிகாலையில் தூறல். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து ஓடும், பால் பிடிக்கும் மங்கில் விழாது. ஆறரைக்கு மேல் தூறல் விட்டதும் அம்மா தன் மரவரிசையான நிரைக்குப் போய் முடிந்தவரை வெட்டி, தோள்கழியான காண்டாவில் வாளியை மாட்டிக்கொண்டு வந்து ஸ்டோரில் ஊற்றினார். மண்டோர் அதற்குள் நோட்டில் மழை என்று எழுதிவிட்டார். மாசக் கடைசியில் ஒரு நாள் குறைந்தது. நானும் அம்மாவோடு ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

“செக்ரோல்ல இல்லையேம்மா.”

“பால் இருந்துச்சே ஐயா.”

“செக்ரோல்ல இருந்தாத்தானே காசு.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தோட்டத்தின் பேர் இங்கே வேண்டாம். அம்மா திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ரெயின் செக்’ என்று ஒரு தொடர் இருக்கிறது: மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டு. அந்தத் தொடரை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஜன்னல்தான் கண்ணில் வரும். எங்கள் மழைக்குச் சீட்டு கிடையாது.

செக்ரோலுக்கு ஒத்த தமிழ்ச் சொல் என்ன? வருகைப் பதிவேடு என்று எழுதலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சரி, தோட்டத்துக்குப் போதாது. செக்ரோலில் வருகையோடு சேர்ந்து கூலியும் வீடும் இருந்தன, பேர் அடிபட்டால் லயத்து வீடும் போகும். ஆனால் ‘செக்’ என்ற வினைக்குச் சரியான தமிழ் ஒன்று தோட்டத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தது. கண்காணி. கண்ணால் காண்பவன், காத்துப் பார்ப்பவன். லத்தீன் வழி வந்த ‘சூப்பர்வைசர்’ என்பதற்கும் மேலிருந்து பார்ப்பவன் என்றே பொருள், கட்டுமானம் ஒன்றே. ஆங்கிலேயர்கள் நம் சொல்லை ‘கங்காணி’ என்று தங்கள் கோப்பிலும் அகராதியிலும் ஏற்றிக்கொண்டார்கள். நாம் அவர்களுடைய செக்ரோலை வாங்கிக்கொண்டோம். மலாயாவில் இந்தியர்களின் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்று, ஆள் சேர்ப்பது கங்காணி கைக்குப் போனது. இந்தியா 1938இல் தடுக்கும்வரை அது ஓடியது. அவர் கூட்டிவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குச் சில காசு அவருக்குக் கிடைக்கும். செக்ரோலில் விழும் குறி தொழிலாளிக்கு மட்டும் காசல்ல. காய்ச்சலில் கிடந்தவனைக் கங்காணி ஏன் எழுப்பி அனுப்பினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

மற்ற ஒத்த சொற்களும் தோட்டத்துக்கு ரொம்பத் தூரமில்லை. ‘எக்ஸாமின்’ லத்தீனில் தராசின் முள்; எடைபோட்டுப் பார்த்தல், பால் ஸ்டோர் வேலை. ‘டெஸ்ட்’ என்பது உலோகத்தை உருக்கித் தரம் பார்த்த மண்சட்டி. ‘வெரிஃபை’ உண்மையாக்குவது, ‘இன்ஸ்பெக்ட்’ உள்ளே பார்ப்பது. தமிழில் சோதி என்பது வடமொழியில் தூய்மை செய்தல், அழுக்கைப் பிரித்தெடுப்பது. பரீட்சை என்பதற்குச் சுற்றிப் பார்த்தல் என்று பொருள். அதுதான் மலாயில் ‘பெரிக்சா’ ஆகி, எங்கள் பிள்ளைகளை ‘பெப்பெரிக்சாஆன்’ என்ற பேரில் பயமுறுத்துகிறது. மலாயில் சரிபார்ப்பதற்கு ‘செமாக்’ என்றும் சொல்வார்கள், அதே ஒலிக்குப் புதர் என்றும் பொருள் உண்டு. எனக்குப் பிடித்தது சரிபார். சரியா என்று பார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு சொல் அடைந்து கிடக்கும் அறைகளைத் தமிழ் தனித்தனி வீடாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது: தடு, அடக்கு, சரிபார், காசோலை, கட்டம். வசதிதான். ஆனால் இந்த வீடுகள் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது தமிழ் வழியாக மட்டும் பார்த்தால் தெரியாமல் போகும், என் மாணவன் திணறியதும் அதனால்தான்.

தோட்டங்களில் செக்ரோல் என்ற சொல் இன்னும் சாகவில்லை. கம்பெனி நேரடியாக வைத்திருக்கும் ஆள் ‘செக்ரோல்’, வெளியார் கொண்டுவந்து விடும் ஆள் ‘கான்ட்ராக்ட்’. கணினியில்தான் கணக்கு, பெரிய புத்தகம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் தான் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த மாமா அந்தச் சொல்லைத்தான் எடுத்தார், சொல்லும்போது முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது.

தே தாரேக்கை முடித்துவிட்டு அவர்கள் ஆட்டத்தை எட்டிப் பார்த்தேன். டாமில் ஆரம்பத்தில் ராஜா கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி மூடிகள். ஒரு மூடி கட்டம் கட்டமாக நகர்ந்து எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால்தான் அதற்கு மரியாதை. அமெரிக்கர்கள் அதைக் ‘கிங்’ என்பார்கள். இங்கே வேறு பேர். செக்ரோல் மாமா தன் மூடியைக் கடைசிக் கட்டத்தில் வைத்து, அதன் மேல் இன்னொரு மூடியைக் கவிழ்த்துவிட்டு, கைலியை இறுக்கிக்கொண்டு சொன்னார்: “ஹாஜி.”